மொன்டானாவுக்குப் போகலாமா?

அன்புள்ள அக்காவுக்கு,

நியூஜெர்சியில் ஒரு பெரிய மருத்துவமனையின் இதயநோய்ப் பிரிவில் எட்டு ஆண்டுகளாக நர்ஸாக இருக்கிறேன். கணவருக்குச் சென்ற ஆண்டு வேலை போய்விட்டது. மகளுக்குப் பதினொரு வயது, மகனுக்கு ஐந்து. வாடகையே என் சம்பளத்தில் பாதியைத் தின்றுவிடுகிறது. கிழக்கு மொன்டானாவில் ஒரு சிறிய மருத்துவமனை என்னை வேலைக்கு அழைத்திருக்கிறது. சேர்ந்தவுடன் ஒரு தொகையும், வீடு மாற்றும் செலவும் தருகிறார்கள். கணவர், "உனக்குச் சரியென்றால் எனக்கும் சரி" என்கிறார். நீங்கள் ஆறு ஆண்டுகள் அங்கே நர்ஸாக இருந்ததைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். போகலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முதலில் உரிமம் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அது எளிது. நியூஜெர்சி, மொன்டானா இரண்டுமே, ஒரு மாநிலம் தரும் பன்மாநில உரிமத்தை மற்ற மாநிலங்களும் ஏற்கும் செவிலியர் உரிம ஒப்பந்தத்தில் உள்ளவை. உங்களிடம் பன்மாநில உரிமம் இருந்தால் அதைக் கொண்டே அங்கே வேலையைத் தொடங்கலாம். குடியேறிய 60 நாட்களுக்குள் மொன்டானா உரிமத்துக்கு விண்ணப்பித்துவிட வேண்டும். 2024 முதல் இதுதான் விதி.

இனி வேலை. மொன்டானாவின் பரப்பு மூன்று தமிழ்நாட்டைவிடக் கொஞ்சம்தான் குறைவு. 2020 கணக்கெடுப்பில் அங்கே இருந்தவர்கள் சுமார் 10 லட்சத்து 84 ஆயிரம் பேர். இப்படிச் சிதறிக் கிடக்கும் ஊர்களுக்காகவே 1997-இல் சட்டம் இயற்றி, சிறிய மருத்துவமனைகளுக்கென்று தனி வகை ஒன்றை உருவாக்கினார்கள். அவற்றில் 25 படுக்கைக்கு மேல் கூடாது. அவசர சிகிச்சை மட்டும் இரவு பகல் எந்நேரமும் இருந்தாக வேண்டும். உங்களை அழைத்திருப்பது அநேகமாக அப்படி ஒரு மருத்துவமனையாகத்தான் இருக்கும்.

அங்கே "நான் இதயநோய்ப் பிரிவு நர்ஸ்" என்று சொல்ல முடியாது. நான் இருந்த இடத்தில் இரவில் இரண்டே நர்ஸ்கள். வார்டில் இருக்கும் முதியவருக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருக்கும்போதே வைக்கோல் கட்டும் இயந்திரத்தில் கை சிக்கிய ஒருவரைக் கொண்டு வருவார்கள். டாக்டரோ, டாக்டருக்குப் பதிலாக இருக்கும் மருத்துவ உதவியாளரோ தம் வீட்டிலிருந்து வந்து சேர வேண்டும். அதுவரை நீங்கள்தான். பிறகு பில்லிங்ஸ் நகரத்துப் பெரிய மருத்துவமனைக்கு விமானத்தில் அனுப்பலாம் என்று பார்த்தால், பனிப்புயலில் விமானம் எழும்பாது. என் முதல் குளிர்காலத்தில் அப்படி ஒரு நோயாளியுடன் விடியும்வரை நின்றிருக்கிறேன். நர்ஸ் வேலை என்னவென்று நான் முழுதாகக் கற்றது அந்த ஆறு ஆண்டுகளில்தான், இதை எங்கேயும் சொல்வேன். ஆனால் விபத்துக் காயம், குழந்தைகளின் அவசர சிகிச்சை இரண்டிலும் சான்றிதழ்ப் பயிற்சி முடிக்காமல் கிளம்பாதீர்கள். பிரசவம் பார்க்கிறார்களா என்றும் கேளுங்கள். பார்ப்பதில்லை என்றாலும் வலியோடு வரும் பெண் அந்தக் கதவைத்தான் தட்டுவாள்.

இன்னொன்று. நோயாளிகள் எல்லோரும் உங்களுக்குத் தெரிந்தவர்களாக இருப்பார்கள். என் மகளின் ஆசிரியையை ஓர் இரவு நான் கவனித்தேன். அவர் எதற்காக வந்தார் என்பது எனக்கு மட்டும் தெரியும். மறுவாரம் பெற்றோர் கூட்டத்தில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து பின்னக் கணக்கைப் பற்றிப் பேசினோம். போகும்போது அவர் என் கையை ஒரு கணம் அழுத்திவிட்டுப் போனார்.

ஆக, வேலையைப் பொறுத்தவரை உங்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது கணவர் சொன்ன அந்த வரியைத்தான். என் கணவரும் இதையே சொன்னார்.

உங்களுக்கு அங்கே முதல் நாளே ஓர் இடம் இருக்கும். பெயர் எழுதிய அட்டை இருக்கும், ஊரே உங்களைத் தேடும். கூட வருபவர்களுக்கு அப்படி எதுவும் கிடையாது. எங்கள் முதல் ஜனவரியில் ஒரு நாள், இரவுப் பணி முடித்து காலை ஏழரைக்கு வீட்டுக்கு வந்தேன். காரின் முகப்பில் தொங்கும் ஒயரைச் சுவர் பிளக்கில் மாட்டினேன். அந்தக் குளிரில் எஞ்சினைச் சூடாக வைக்காவிட்டால் வண்டி கிளம்பாது. உள்ளே போனால் குழந்தைகள் பள்ளிக்குப் போயிருந்தார்கள். கணவர் கனத்த கோட்டும் காலணியும் போட்டபடி சமையலறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "எங்கே கிளம்பினீர்கள்?" என்று கேட்டேன். "கிளம்பலாம் என்றுதான் போட்டுக்கொண்டேன். எங்கே போவதென்று தெரியவில்லை" என்றார். அந்தக் கோட்டை நான்தான் கழற்றி மாட்டினேன்.

இரண்டாம் ஆண்டு அவர் ஊரின் தன்னார்வ ஆம்புலன்ஸ் குழுவில் பயிற்சி பெற்றுச் சேர்ந்தார். ஓர் இரவு அவசரப் பிரிவின் கதவு திறந்தது. ஸ்ட்ரெச்சரின் தலைமாட்டைப் பிடித்தபடி அவர் வந்து, நோயாளியின் ரத்த அழுத்தத்தையும் நாடித்துடிப்பையும் எனக்கு ஒப்பித்தார். அதன் பிறகுதான் அது அவருக்கும் ஊரானது. எல்லோருக்கும் ஆம்புலன்ஸ் ஒத்துவராது. உங்கள் கணவர் வீட்டிலிருந்தே வேலை செய்யப் பார்த்தால், நீங்கள் வாடகைக்கு எடுக்கும் அதே வீட்டில் இணையம் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். ஊரில் இருக்கிறது என்ற பதில் போதாது. எதுவாக இருந்தாலும், அவருக்கென்று ஒன்று அங்கே இருக்கிறதா என்பதை அவரே தேடிப் பார்க்கட்டும். "உனக்குச் சரியென்றால்" என்பதை முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மகன் சின்னவன், ஒட்டிக்கொள்வான். மகளோடு உட்கார்ந்து பேசுங்கள். வகுப்பில் அவள் நிறத்தில் அவள் ஒருத்தி மட்டுமே இருக்கக்கூடும். "இந்தியன்" என்ற சொல்லுக்கு அங்கே முதல் பொருள் வேறு, அமெரிக்கப் பழங்குடியினர். மொன்டானாவில் அவர்களுக்கென்று ஒதுக்கிய நிலப்பகுதிகள் ஏழு உண்டு. அவற்றில் ஒன்றான, கிழக்கே உள்ள ஃபோர்ட் பெக்கில் அசினிபோய்ன், சூ மக்கள் வாழ்கிறார்கள். பழங்குடியினரின் மரபைப் பள்ளிகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் கற்பிக்க வேண்டும் என்று மாநிலச் சட்டமே இருக்கிறது. போவதற்கு முன்பே அவளுக்கு இதைச் சொல்லிக்கொடுங்கள். நான் என் மகளுக்குச் சொல்லாமல் விட்டுவிட்டேன், முதல் மாதம் முழுவதும் அவள் குழம்பிப்போனாள்.

ஒப்பந்தத்தை ஒரு வரி விடாமல் படியுங்கள். முன்னதாகத் தரும் தொகைக்கு எத்தனை ஆண்டு இருக்க வேண்டும், இடையில் விலகினால் எவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். வாய்ப்பேச்சை நம்ப வேண்டாம். "வீடு பார்த்துத் தருகிறோம்" என்று எனக்கும் சொன்னார்கள். நாங்கள் நால்வரும் ஏழு வாரம் ஒரு மோட்டல் அறையில் கிடந்தோம்.

கையெழுத்துப் போடும் முன் நால்வரும் ஒரு வாரம் அங்கே போய்த் தங்குங்கள். ஜூனில் வேண்டாம், அப்போது அந்த ஊர் யாரையும் மயக்கிவிடும். ஜனவரியில் போங்கள். அங்கே பல கிராமப் பள்ளிகள் வாரத்தில் நான்கு நாட்கள்தான் நடக்கும், பெரும்பாலும் வெள்ளிக்கிழமை விடுமுறை. அந்த வெள்ளிக்கிழமை நீங்கள் மருத்துவமனையைச் சுற்றிப் பார்க்கப் போய்விடுங்கள். மாலையில் திரும்பி வந்ததும், அன்றைய பொழுது எப்படிப் போனது என்று மூவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள்.