ஸ்டென்ட் வைத்தவர் பல் பிடுங்கப் போகிறாரா? மாத்திரைப் பையோடு போகட்டும்

கேள்வி: அப்பாவுக்கு 67 வயது. இரண்டு வருடத்துக்கு முன்னால் இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் (அடைப்பைத் திறந்து வைக்கும் சின்ன வலைக்குழாய்) வைத்தார்கள். சர்க்கரைக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். இப்போது கடைவாய்ப் பல் ஒன்றை எடுக்கச் சொல்கிறார்கள். கிளினிக்கில் கொடுத்த படிவத்தில், "பல்லுக்கு வந்தவனிடம் நெஞ்சைப் பற்றி எதற்குக் கேட்கிறார்கள்?" என்று எல்லாவற்றுக்கும் 'இல்லை' போட்டுவிட்டார். மருந்துக் கடைக்காரரோ, "ரத்தம் உறையாமல் இருக்கிற மாத்திரையை அஞ்சு நாள் நிறுத்திட்டுப் போங்க" என்கிறார். என்ன செய்வது?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பல் மருத்துவர் பதில்:

முதலில் ஒன்று. அந்த மாத்திரையை நிறுத்தாதீர்கள். ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் என்று ரத்தம் உறையாமல் இருக்கிற மாத்திரை சாப்பிடுகிறவருக்கு ஒரு பல் எடுத்தால் ரத்தம் நிற்கக் கொஞ்சம் நேரமாகும், அவ்வளவுதான். பஞ்சு வைத்து அழுத்தலாம், தையல் போடலாம், குழிக்குள் ஜெலட்டின் பஞ்சு வைக்கலாம். மாத்திரையை நிறுத்தியதால் ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறைந்தால் அங்கே யார் போய் அழுத்துவது? நிறுத்தத்தான் வேண்டும் என்றால் அதை இதய மருத்துவர் சொல்ல வேண்டும், கடைக்காரர் அல்ல.

அப்பாவின் கேள்விக்கும் பதில் உண்டு. பல் மரத்துப் போகப் போடும் ஊசியில் பெரும்பாலும் மரக்க வைக்கும் லிக்னோகைனோடு அட்ரினலினும் கலந்திருக்கும். அது இதயத் துடிப்பைக் கூட்டக்கூடியது. இதய நோயாளி என்று தெரிந்தால் அளவைக் குறைத்து, மெதுவாகப் போடுவோம். ரத்த அழுத்தம் 180-க்கு 110-ஐத் தாண்டியிருந்தால் அன்றைக்கு ஊசியையே தொட மாட்டோம். பிறகு எழுதித் தரும் வலி மாத்திரையும் மாறும். ஆஸ்பிரின் சாப்பிடுகிறவருக்கு டைக்ளோஃபெனாக், இபுப்ரொஃபென் வேண்டாம், பாராசிட்டமால் போதும். 'இல்லை' என்று எழுதியிருந்தால் இதில் எதுவுமே நடக்காது.

ஆனால் படிவத்தை மட்டும் நம்பாதீர்கள். வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். காரணம் இருக்கிறது. "ரத்த மாத்திரை எதுவும் இல்லை டாக்டர், கொழுப்புக்கு மட்டும் ஒரு கேப்ஸ்யூல்" என்பார்கள். அட்டையைத் திருப்பிப் பார்த்தால் கொழுப்பு மருந்தான அட்டோர்வாஸ்டாட்டினோடு ஆஸ்பிரினும், சிலதில் க்ளோபிடோக்ரெலும் சேர்ந்தே இருக்கும். அவர் பொய் சொல்லவில்லை, அவருக்கு யாரும் சொல்லவில்லை. இன்னொரு தொல்லை, கடைகளில் பத்து மாத்திரை அட்டையை வெட்டி நாலு கொடுப்பது. பெயர் இருக்கிற பாதி கடையிலேயே தங்கிவிடும். முழு அட்டையாகக் கேளுங்கள், அல்லது பெயர் இருக்கிற பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து தரும் பி.பி., சர்க்கரை மாத்திரைகளும் அந்தப் பையில் இருக்கட்டும். சும்மா கிடைத்ததால் அது மருந்தில்லை என்றாகிவிடாது.

சர்க்கரை விஷயத்தில் நான் பார்க்கிற பெரிய தப்பு, ஆபரேஷனுக்குப் போகிற மாதிரி வெறும் வயிற்றோடு வருவது. மாத்திரையைப் போட்டுவிட்டு இட்லியைச் சாப்பிடாமல் வந்தால், நாற்காலியில் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் சர்க்கரை இறங்கி வியர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும். பக்கத்தில் இருப்பவர்கள் மாரடைப்பு என்று பயந்துவிடுவார்கள். மரத்துப் போகும் ஊசிக்கு வெறும் வயிறு தேவையே இல்லை. வழக்கம்போலச் சாப்பிட்டு, மாத்திரை போட்டு, காலை நேரத்திலேயே வரச் சொல்லுங்கள்.

ஒரே ஒரு கூட்டத்தாருக்கு நான் சொன்னது அப்படியே பொருந்தாது. உங்கள் அப்பா அதில் இல்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். 'ஹார்ட் ஆபரேஷன்' என்று நம் ஊரில் பொதுவாகச் சொல்வார்கள். ஸ்டென்ட்டா, பைபாஸா, வால்வு மாற்றியதா என்பது அதில் தெரியாது. வால்வு மாற்றியவர் என்றால் கதையே வேறு. அவர்களில் பலர் அசிட்ரோம் அல்லது வார்ஃபரின் என்ற, ரத்தம் உறையாமல் தடுக்கும் வேறு வகை மாத்திரை சாப்பிடுவார்கள். அதையும் தானாக நிறுத்தக் கூடாது. ஆனால் பல் எடுப்பதற்கு முந்தின நாள் ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனை செய்தாக வேண்டும். எண் கூடக் கூட ரத்தம் உறைய அதிக நேரமாகும் என்று அர்த்தம். பிரிட்டன் வழிகாட்டுதலில் 4-க்குக் கீழே இருந்தால் எடுக்கலாம். நான் 3.5-ஐத் தாண்டினாலே இதய மருத்துவரைக் கேட்காமல் தொட மாட்டேன். அதோடு, பல் எடுக்கும்போது ரத்தத்தில் கலக்கும் கிருமி செயற்கை வால்வில் போய் ஒட்டாமல் இருக்க, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்பு அமாக்ஸிசிலின் என்ற கிருமிக்கொல்லி (பென்சிலின் வகை) 2 கிராம் தருவோம். பென்சிலின் ஒவ்வாதவருக்கு வேறு மருந்து. ஸ்டென்ட்டுக்கு இது தேவையில்லை, வால்வுக்குத் தேவை. இன்னொன்று, பல்வலிக்கு என்று கடையில் கேட்டு வாங்குகிற மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி வார்ஃபரினோடு சேர்ந்தால் ஐ.என்.ஆர். எகிறும். கடைக்காரர் இதைக் கேட்டுவிட்டா கொடுக்கிறார்?

இடைத்தரகர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கல்யாண மண்டபத்தில் 'இலவசப் பல் பரிசோதனை' என்று போடுவார்கள். அங்கே கையில் பேனாவோடு நிற்கிற பையன் மருத்துவர் இல்லை, ஆள் பிடித்துத் தருபவர். "சுகர் இருக்கா? கட்டுப்பாட்டில்தானே? அப்போ இல்லைன்னே போட்டுடலாம் சார்" என்று அவரே டிக் அடித்துவிடுவார். 'ஆமாம்' போட்டால் அன்றைக்கே மூன்று பல் பிடுங்கி, பேக்கேஜுக்கு முன்பணம் வாங்க முடியாதே! மருத்துவ வரலாற்றை மருத்துவர் உங்கள் முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும். கேட்காத இடத்தில் வாயைத் திறக்காதீர்கள்.

எங்கள் பக்கத்திலும் கோளாறு இல்லாமல் இல்லை. இதய மருத்துவரிடமிருந்து கடிதம் வாங்கி வரச் சொல்வோம். அரை நாள் காத்திருந்து நீங்கள் வாங்கி வருவது ஒரு வரி: 'பல் எடுக்கத் தகுதியானவர்.' எந்த ஸ்டென்ட், எப்போது வைத்தது, எந்த மாத்திரை எதுவரை என்று ஒன்றும் இருக்காது. அந்த வரியால் எனக்கு ஒரு பயனும் இல்லை, பிரச்சினை வந்தால் காட்டிக்கொள்ள ஒரு காகிதம், அவ்வளவுதான். மருத்துவக் குறிப்புகளை ஒரே இடத்தில் சேர்க்க என்று 2021-லிருந்து மத்திய அரசு ஆளுக்கு 14 இலக்க ஆரோக்கிய எண் தருகிறது. எண் இருக்கிறது. என் மேசைக்கு நோயாளியின் சரித்திரம் வருவதென்னவோ இன்னமும் மஞ்சள் பையில்தான். அதனால் ஸ்டென்ட் வைத்தபோது தந்த டிஸ்சார்ஜ் சம்மரியைப் போனில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். கடிதத்தைவிட அதில் விஷயம் இருக்கும்.

ஸ்டென்ட் வைத்து இரண்டு வருடம் ஆகிவிட்டதால், இப்போது நெஞ்சுவலி, மூச்சிரைப்பு இல்லையென்றால் பல் எடுக்கத் தடையில்லை. கிளினிக்கில் புதுப் படிவம் கேட்டு, நீங்களே பக்கத்தில் உட்கார்ந்து நிரப்புங்கள். பி.பி., சர்க்கரை பார்த்துவிட்டுத்தான் ஊசி போடுவார்களா, ஆக்ஸிஜன் இருக்கிறதா என்று முன்கூட்டியே விசாரியுங்கள். முகம் சுளித்தால் வேறு கிளினிக் பாருங்கள். நெஞ்சுவலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை அப்பாவுக்குக் கொடுத்திருந்தால் அது பையில் வேண்டாம், அவர் சட்டைப் பையில் இருக்கட்டும். பல் எடுத்த பிறகு ரத்தம் நின்றதைப் பார்க்காமல் பஸ் ஏற வேண்டாம்.