கதிர்வீச்சும் புற்றுநோயும்: கேள்வி பதில்

செல்வி, நாகர்கோவில்: மணவாளக்குறிச்சி மணலில் கதிர்வீச்சு உண்டு. எங்கள் தெருவில் மூன்று பேருக்குப் புற்றுநோய். மணல்தான் காரணமா மேடம்?

மூன்று என்ற எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது செல்வி. ஒவ்வொருவரும் வாங்கிய டோஸ், அதாவது உடம்பு வாங்கிய கதிர்வீச்சின் அளவு, எவ்வளவு? அது தெரியாமல் போடும் கணக்கு கணக்கே இல்லை. ஹிரோஷிமாவில் ஆய்வாளர்கள் உயிர் பிழைத்தவர்களிடம் உட்கார்ந்து, குண்டு விழுந்தபோது வீட்டுக்குள்ளா வெளியிலா, நடுவில் எந்தச் சுவர் என்று கேட்டு, வீட்டைப் படமாகவே வரைந்து வைத்தார்கள். அந்தப் பாடு பட்டதால்தான், 30 வயதில் 1 கிரே (கிரே என்பது டோஸை அளக்கும் அலகு) வாங்கியவருக்கு 70 வயதில் ரத்தப் புற்றுநோய் அல்லாத புற்றுநோய்கள் வரும் வாய்ப்பு ஏறக்குறைய பாதி மடங்கு கூடுகிறது என்று சொல்ல முடிந்தது.

உங்கள் மணலில் இருப்பது மோனசைட் என்ற கனிமம், அதற்குள் கதிர்வீச்சு விடும் தோரியம். கேரளத்தின் கருநாகப்பள்ளியிலும் அதே மணல்தான். அங்கே வீட்டுக்குள்ளும் முற்றத்திலும் மீட்டர் வைத்து அளந்து, கிட்டத்தட்ட 70,000 பேரைச் சராசரியாகப் பத்தாண்டுக்கு மேல் கவனித்தார்கள். 2009இல் வந்த முடிவு: புற்றுநோய் கூடவில்லை.

ரஹீம், கொல்லம்: அப்படியானால் குறைந்த டோஸால் ஆபத்தில்லை என்று நிரூபணமாகிவிட்டதே?

இல்லை. அந்த ஆய்வில் வந்த புற்றுநோய்கள் 1,379. அதில் ரத்தப் புற்றுநோய் வெறும் 30. இத்தனை குறைந்த எண்ணிக்கையில் சிறிய கூடுதல் இருந்தாலும் கண்ணில் படாது.

ரஹீம்: ஹிரோஷிமாவில் ஒரே நொடியில் வாங்கினார்கள். இங்கே சொட்டுச் சொட்டாக. உடம்பு அதைச் சரிசெய்துகொள்ளாதா?

அருமையான கேள்வி. அதைத்தான் பிரான்ஸ், பிரிட்டன், அமெரிக்காவின் அணுத்துறை ஊழியர்கள் 3,09,932 பேரிடம் பார்த்தார்கள். சொட்டுச் சொட்டாக வாங்கியவர்கள்தான் அவர்கள். 2023இல் வந்த முடிவில், ரத்தப் புற்றுநோய் நீங்கலான புற்றுநோய்களால் இறக்கும் வாய்ப்பு 1 கிரேக்கு 52% கூடுதல். கருநாகப்பள்ளியோடு இது மோதுவதுபோலத் தெரியும். ஆனால் இரண்டு முடிவுகளின் பிழை வரம்புகளும், அதாவது உண்மையான எண் இருக்கக்கூடிய எல்லைகளும், ஓரளவு ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. அதனால் ஒன்றை வைத்து மற்றதைத் தள்ளிவிடாதீர்கள்.

குமார், சேலம்: செல்போன் டவர்?

இன்றைக்கு மூன்றாவது முறை வரும் கேள்வி. அது அயனியாக்கும் கதிர்வீச்சு (அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெடுக்கும் வலுவுள்ளது) இல்லை, என் துறையும் இல்லை.

மீனா, மதுரை: மகனுக்கு வயிற்றில் சி.டி. ஸ்கேன் எழுதியிருக்கிறார்கள், பயமாக இருக்கிறது.

சி.டி.யில் எக்ஸ்ரே கதிர்வீச்சு உண்டு, அல்ட்ராசவுண்டில் இல்லை; அது போதுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். சி.டி. தேவை என்றால் தயங்காமல் எடுங்கள். ஃபிலிமைப் பத்திரமாக வையுங்கள், இன்னொரு முறை எடுக்க வேண்டியிருக்காது.

செல்வி: அப்போ நான் என்ன செய்ய மேடம்?

மூவரின் வயது, எந்த உறுப்பில் புற்றுநோய், கண்டுபிடித்த ஆண்டு, அந்த வீட்டில் எத்தனை வருடம் இருந்தார்கள், எல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் பீடி, சிகரெட், வெற்றிலையோடு புகையிலை. அதை மறக்காமல் கேளுங்கள்.