கல்யாணச் சாவில் அழலாமா?

அன்புள்ள ஐயா,

சென்ற வாரம் எங்கள் அப்பத்தா காலமானார். வயது 93. கொள்ளுப்பேத்தி வரை பார்த்தவர். ‘கல்யாணச் சாவு, யாரும் அழக் கூடாது’ என்று பெரியப்பா முதலிலேயே சொல்லிவிட்டார். கொட்டு, வேட்டு, பூத்தேர் எல்லாம் உண்டு. அத்தை ஒப்பாரி வைக்க ஆரம்பித்ததும், ‘நல்லா வாழ்ந்தவளைச் சந்தோஷமா அனுப்பாம என்ன இது’ என்று அதட்டி நிறுத்திவிட்டார்கள். அதிலிருந்து அத்தை யாரோடும் சரியாகப் பேசுவதில்லை. ஆனாலும் பெரியப்பா சொன்னதில் நியாயம் இருப்பதாகத்தான் படுகிறது. அடுத்த வாரம் கருமாதி.

எஸ்., திருமங்கலம்

அன்புள்ள எஸ்.,

கல்யாணச் சாவில் அழக் கூடாது என்று யார் சொன்னது? நான் போன கேத வீடுகளில் தெருவில் கொட்டு முழங்கும், உள்ளே ஒப்பாரி நடக்கும். பேரன்மார் ஆடுவார்கள், மகள்கள் அழுவார்கள். ஒருவரை ஒருவர் நிறுத்தச் சொன்னதில்லை.

(அந்தக் கொட்டைக் கொண்டாட்டம் என்று சொல்லவும் எனக்குக் கூச்சம் உண்டு. பறையடிப்பதைத் தலித்துகள் மேல் சாதிக் கடமையாகச் சுமத்தி வைத்திருந்தோம். அடித்தவர்களுக்கு அது என்ன கொண்டாட்டம்?)

ஒப்பாரியை வெறும் ஓலம் என்று உங்கள் பெரியப்பா நினைக்கிறார் போல. எங்கள் தாத்தா இறந்தபோது அத்தை அவருடைய பாக்குவெட்டியை வைத்தே கால்மணி நேரம் அழுதாள். பல் போன பாட்டிக்காகப் பாக்கை அவர் எவ்வளவு மெல்லிசாகச் சீவுவார், சீவும்போது என்ன முணுமுணுப்பார், யார் கேட்டால் தர மாட்டார், எல்லாம் அதில் வந்தது. நடுவில் இரண்டு இடத்தில் கூட்டம் சிரித்துவிட்டது. அன்று பந்தலில் தாத்தாவின் வாழ்க்கையைப் பற்றி வாய் திறந்தவள் அவள் ஒருத்திதான். வெளியே வேட்டுப் போட்டவர்களில் பாதிப்பேருக்கு அவரைத் தெரியாது.

புறநானூற்றில் பக்குடுக்கை நன்கணியார் பாட்டு ஒன்று இருக்கிறது, 194ஆவது. ஒரு வீட்டில் சாவுப்பறை, இன்னொரு வீட்டில் மணமுழவு. இப்படிப் படைத்து வைத்தவன் பண்பில்லாதவன் என்று திட்டுகிறார். கல்யாணச் சாவில் அந்த இரண்டு வீடும் ஒரே வீடு. அதில் ஒன்றைப் பூட்டச் சொல்கிறார் உங்கள் பெரியப்பா.

தாத்தா சாவில் நானும் நெய்ப்பந்தம் பிடித்தேன், ஒன்பது வயதில். உருகிய நெய் மணிக்கட்டில் சொட்டி, ஓவென்று கத்திவிட்டேன். ‘தாத்தா மேல உசுரு புள்ளைக்கு’ என்று ஒரு கிழவி கண்ணைத் துடைத்தாள். நானும் திருத்தவில்லை.

கருமாதிக்கு உறவெல்லாம் வரும். அதற்கு முதல்நாளே அத்தை பக்கத்தில் போய் உட்காருங்கள். அப்பத்தா குழம்புக்கு என்ன அரைப்பார், யாரோடு சண்டை போடுவார் என்று கேளுங்கள். அழுகை வந்தால் வரட்டும். பெரியப்பா வந்து அதட்டினால், வெளியே பந்தல்காரர் கூப்பிடுகிறார் என்று சொல்லி அனுப்பிவிடுங்கள்.