உள்ளங்கால் வளைவில் வலி வந்தால் ஓட்டத்தை விட்டுவிட வேண்டுமா?

ஊட்டியில் இருப்பதாகவும், ஓடத் தொடங்கி மூன்று மாதம் ஆவதாகவும், இப்போது உள்ளங்கால் வளைவில் வலிப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். "எல்லாரும் விட்டுவிடச் சொல்கிறார்கள், விட்டுவிடவா?" என்று கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரிக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். என்னிடமும் அப்படித்தான் சொன்னார்கள்.

விட வேண்டாம். ஆனால் இப்போது ஓடுகிற மாதிரியே ஓடவும் வேண்டாம்.

நான் டாக்டர் இல்லை. கொடைக்கானலில் கணக்கு டீச்சர், வயது 46. ஒருத்தியின் அனுபவத்தை வைத்து ஊருக்கெல்லாம் வைத்தியம் சொல்லலாமா என்று யாராவது கேட்கக்கூடும். என் காலுக்கு நடந்ததைத்தான் சொல்கிறேன். சர்க்கரை இருப்பவர்கள், பாதம் மரத்துப்போகிறவர்கள், எரிச்சல் உள்ளவர்கள், கணுக்காலின் உட்பக்கம் வீங்கியிருப்பவர்கள், எலும்பில் ஒரே புள்ளியில் தொட்டாலே வலிப்பவர்கள் இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டாம், முதலில் டாக்டரைப் பாருங்கள். எலும்பில் மெல்லிய விரிசல் இருந்தால் அதற்கான வழியே வேறு.

உங்கள் வீட்டை விட்டு எந்தப் பக்கம் இறங்கினாலும் மேடு அல்லது பள்ளம்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். கீழே சமவெளியில் இருப்பவர்களுக்காகப் போட்ட பயிற்சி அட்டவணையை எடுத்து, மலையில் அப்படியே ஓடியிருப்பீர்கள். நான் அதைத்தான் செய்தேன்.

எங்கள் ஊரில் ஏரியைச் சுற்றி ஓடினால் ஏறக்குறைய 5 கிலோமீட்டர். பெரிய ஏற்ற இறக்கம் கிடையாது. பள்ளி நாட்களில் விடியற்காலை ஐந்தரைக்கு வாரம் மூன்று தடவை அங்கே ஓடுவேன். 2023 மே மாதம் விடுமுறை வந்தது, கையில் நேரம் இருந்தது. தினமும் ஓடலாம் என்று ஆசைப்பட்டேன். கொஞ்சம் தாமதமாகக் கிளம்பினால் சீசன் கூட்டம். கார், வாடகை சைக்கிள், குதிரை எல்லாம் சேர்ந்து ஏரி ரோட்டில் ஓட இடமில்லை. சரி என்று அப்சர்வேட்டரி ரோட்டு ஏற்றத்துக்கு மாறினேன். அந்த ரோட்டின் பெயருக்குக் காரணமான சூரிய ஆய்வகம் இருப்பது 2343 மீட்டர் உயரத்தில். வாரத்துக்கு 15 கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்தவள், மூன்றே வாரத்தில் 32 கிலோமீட்டருக்குப் போனேன். அதில் பாதிக்கு மேல் ஏற்றம்.

ஜூனில் பள்ளி திறந்தது. நாள் முழுக்கச் சிமெண்ட் தரையில் நின்று பாடம் எடுக்க வேண்டும். ஒரு நாள் காலை கட்டிலிலிருந்து இறங்கி இடது காலை ஊன்றியதும், குதிகாலின் உள்விளிம்பிலிருந்து வளைவு வரை யாரோ ஆணி அடித்தது போல இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டுதான் அடுப்படிக்குப் போனேன். எங்கள் ஊர் தரையின் குளிர் உங்களுக்குத் தெரியாதது இல்லை. பத்து நிமிடம் நடந்ததும் வலி குறைந்தது. குறைந்ததை நம்பி மறுநாளும் ஓடினேன். ஜூலை வந்தபோது படி இறங்கவே முடியவில்லை.

மதுரைக்குப் போய் ஒரு மருத்துவமனையில் காட்டினேன். எக்ஸ்ரே எடுத்து, குதிகாலில் எலும்பு வளர்ந்திருக்கிறது, ஊசி போட்டுக்கொள்ளுங்கள், இனிமேல் ஓடக் கூடாது என்றார்கள். எவ்வளவு ஓடுகிறேன், எங்கே ஓடுகிறேன் என்று யாரும் கேட்கவில்லை. அந்த மாதிரி எலும்பு முனை வலியே இல்லாத எத்தனையோ பேருக்கும் இருக்கிறது என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஸ்டீராய்டு ஊசி சில வாரம் வலியைக் குறைக்கும், ஆனால் உள்ளங்கால் பட்டை அறுந்துபோகும் ஆபத்தும் அதில் உண்டு. நான் போட்டுக்கொள்ளவில்லை. போட்டுக்கொண்டு நலமானவர்கள் இருக்கலாம், அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை.

வீட்டுக்கு வந்தால் அத்தை, "இந்த வயசுல எதுக்கும்மா ஓட்டம், நடந்தா போதாதா?" என்றார். பாசத்தில் சொன்னதுதான். ஆனால் சர்க்கரையால் என் அப்பாவின் கால் விரல் இரண்டை எடுத்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். அதற்கு அப்புறம்தான் ஓடவே ஆரம்பித்தேன். அதை விடச் சொன்னபோது அழுகை வந்தது.

ஆனாலும் இரண்டு மாதம் நிறுத்தினேன். வலி போனது. திரும்ப ஓடிய முதல் வாரத்திலேயே அதே இடத்தில் வந்து நின்றது. அப்புறம் திண்டுக்கல்லில் ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண்ணிடம் போனேன். அவர் முதலில் கேட்டது, "மேம், மே மாசம் என்ன மாத்தினீங்க?"

அவர் விளக்கியது இது. குதிகால் எலும்பிலிருந்து விரல்கள் வரை உள்ளங்காலில் ஒரு தடித்த பட்டை போகிறது, பிளான்டர் ஃபேசியா என்று பெயர். விரல்கள் மேல்நோக்கி மடங்கும்போது, கிணற்று ராட்டினத்தில் கயிறு இறுகுவது போல அது இறுகி வளைவைத் தூக்குகிறது. ஹிக்ஸ் என்பவர் 1954-லேயே இதை எழுதியிருக்கிறார். கட்டைவிரலை மேலே வளைத்துப் பிடித்துக்கொண்டு உள்ளங்காலைத் தடவிப் பாருங்கள், தந்தி மாதிரி விறைத்து நிற்கும். ஏற்றத்தில் ஓடும்போது முன்பாதத்தில்தான் ஏறுகிறோம். கெண்டைக்கால் இழுக்கிற இழுப்பெல்லாம் குதிகால் வழியாக இந்தப் பட்டையில் விழுகிறது. ஓய்வு கொடுத்தால் வலி அடங்கும், ஆனால் அந்தச் சுமையைத் தாங்கும் பலம் தானாக வந்துவிடாது. நான் இரண்டு மாதம் சும்மா இருந்ததற்குப் பலன் கிடைக்காமல் போனது அதனால்தான்.

அவர் கொடுத்த முக்கியமான பயிற்சி: படிக்கட்டு விளிம்பில் முன்பாதத்தை வைத்து, விரல்களுக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைக்க வேண்டும். 3 விநாடியில் குதிகாலைத் தூக்கி, 2 விநாடி நிறுத்தி, 3 விநாடியில் இறக்க வேண்டும். ஒரு நாள் விட்டு ஒரு நாள், 12 தடவை வீதம் மூன்று சுற்று. ஒற்றைக் காலில் முடியாவிட்டால் இரண்டு காலிலும் தொடங்கலாம். போகப் போக முதுகுப் பையில் எடை சேர்த்து, எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். நான் பிள்ளைகளின் கணக்கு நோட்டுகளைப் பையில் அடுக்கிக்கொண்டு செய்தேன். டென்மார்க்கில் செய்து 2014-ல் வெளியான ஆய்வு ஒன்றில், இப்படிச் செய்தவர்களுக்கு மூன்று மாதத்தில் வெறும் நீட்சிப் பயிற்சி செய்தவர்களைவிட நல்ல குணம் தெரிந்தது, ஒரு வருடத்தில் இரு சாராரும் ஏறக்குறைய சமம். அதனால் நீட்சிப் பயிற்சியையும் ஒதுக்க வேண்டாம். காலையில் கட்டிலை விட்டு இறங்குவதற்கு முன்பே விரல்களைப் பின்னால் இழுத்து 10 விநாடி, பத்து தடவை. அது எனக்கு அந்த முதல் அடியைக் காப்பாற்றியது. வீட்டுக்குள்ளும் தடித்த செருப்பு போட்டேன். அத்தைக்குப் பிடிக்கவில்லை, பூஜை அறைக்கு மட்டும் கழற்றினேன்.

ஓட்டத்தில் ஏற்றம் முழுக்க நின்றது. ஏரி ரோட்டில் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. பத்துக்கு மூன்று அளவு வலி இருந்தால் பரவாயில்லை. மறுநாள் காலை முதல் அடி முந்தின நாளைவிட மோசமாக இருந்தால் அந்த வாரம் கூட்டக் கூடாது. செப்டம்பரில் ஆரம்பித்து, பிப்ரவரியில்தான் ஏரியை ஒரு சுற்று வலியில்லாமல் முழுதாக ஓடினேன். ஐந்து மாதம். இடையில் இரண்டு தடவை திரும்பவும் வலி வந்தது.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனசு கேட்கவில்லை. நான் படித்தபோது பி.டி. பீரியட் என்றால் பையன்களுக்கு மைதானம், பெண்களுக்கு மரநிழல். இன்றும் பல இடங்களில் பரீட்சை நெருங்கினால் முதலில் பறிபோவது அந்தப் பீரியட்தான். நானே எத்தனையோ தடவை வாங்கிக் கணக்கு நடத்தியிருக்கிறேன். நாற்பது வயதில்தான் ஓடக் கற்றேன், என் கெண்டைக்காலுக்குப் பலமில்லை என்று அதற்கும் பிறகுதான் தெரிந்தது. பதின்மூன்று வயதுப் பிள்ளைகளிடமிருந்து அந்த நாற்பது நிமிடத்தை எடுக்க எனக்கு என்ன உரிமை? இரண்டு வருடமாக வாங்குவதில்லை. சிலபஸ் முடியவில்லை என்றால் காலையில் அரை மணி முன்னால் வருகிறேன்.

உங்களுக்கு வலி குதிகால் ஓரத்தில் தொடங்குகிறதா, வளைவின் நடுவில் மட்டும் இருக்கிறதா? நடுவில் மட்டும் என்றால் புது ஷூவின் உள்மேடு அழுத்துகிறதா என்று பாருங்கள், ஷூவுக்குள் போட்டிருக்கும் அட்டையை எடுத்துவிட்டு ஒரு நாள் நடந்து பாருங்கள். காலை முதல் அடி எப்படி இருக்கிறது, மூன்று மாதத்தில் வாரத்துக்கு எத்தனை கிலோமீட்டர் கூட்டினீர்கள், அதில் ஏற்றம் எவ்வளவு, இதையெல்லாம் எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை பதில் போடுகிறேன்.