எட்டு கோர் இருந்தும் ஸ்வாட் காலிபரேஷன் ஏன் இழுக்கிறது?
பெங்களூரில் அர்க்காவதி ஆற்றுப் படுகைக்கு ஸ்வாட் (SWAT, ஆற்றுப் படுகையின் நீரோட்டத்தைக் கணக்கிடும் கணினி மாதிரி) ஓட்டுகிறீர்கள், கணினிச் செயலியில் எட்டு கோர் இருந்தும் காலிபரேஷன் (அளந்த நீரோட்டத்தோடு பொருந்தும்வரை அளவுருக்களை மாற்றி மாற்றி ஓட்டிப் பார்ப்பது) நாள்கணக்கில் இழுக்கிறது என்கிறீர்கள். ஒரு ஓட்டம் ஒரு கோரைத்தான் பயன்படுத்தும், மற்ற ஏழும் சும்மா கிடக்கும். அந்த ஓட்டத்தை நாள்வாரியாகத் துண்டு போட்டுக் கோர்களுக்குப் பிரிக்கப் பார்க்காதீர்கள். இன்றைய மண் ஈரம் தெரியாமல் நாளைய நீரோட்டத்தைக் கணக்கிட முடியாது. ஓட்டங்களைத்தான் கோர்களுக்குப் பங்கிட வேண்டும். சூஃபி-2 (SUFI-2) என்ற காலிபரேஷன் முறை இதற்குத் தோதானது: ஒரு சுற்றின் அளவுருக்களை லத்தீன் ஹைப்பர்கியூப் என்ற மாதிரியெடுப்பு முறை முன்கூட்டியே எடுத்துவிடும், எந்த ஓட்டமும் இன்னொன்றுக்காகக் காத்திருக்காது. டிடிஎஸ் (DDS) என்ற இன்னொரு காலிபரேஷன் முறை அப்படியல்ல, முந்தைய விடையைப் பார்த்தே அடுத்த அடி வைக்கும்.

அப்புறம், ஒவ்வொரு கோருக்கும் உள்ளீட்டுக் கோப்புறையின் தனி நகல் கொடுங்கள். இல்லையென்றால் ஒன்றின் அளவுருவை இன்னொன்று அழித்து எழுதிவிடும். ஆனாலும் முழு எட்டு மடங்கு வேகம் கிடைக்காது: ஸ்வாட் எக்கச்சக்க டெக்ஸ்ட் கோப்புகளைப் படித்து எழுதுவதால் டிஸ்க் திணறும். எஸ்எஸ்டியில் ஓட்டுங்கள், தேவையற்ற தினசரி வெளியீடுகளை நிறுத்துங்கள்.