மாத்திரையை மாற்றும் முன்

கேள்வி: எனக்கு வயது 52. நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய்க்காக இரண்டு ஆண்டுகளாகத் தினமும் இமாட்டினிப் 400 மி.கி. சாப்பிடுகிறேன். கண் இமை வீங்குகிறது. இரவில் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது. போன முறை 0.08 சதவீதமாக இருந்த பி.சி.ஆர். அளவு (ரத்தத்தில் மிஞ்சியிருக்கும் நோயின் அளவு) இப்போது 0.3. மருந்து வாங்கித் தரும் ஒருவர், "இது இனிமேல் கேட்காது, புது மருந்து நான் தருவிக்கிறேன்" என்கிறார். மாறிவிடலாமா?

பதில்: அவர் சொல்லி மாறாதீர்கள். உங்களுக்கு இருப்பவை இரண்டு வேறு பிரச்சினைகள். அவர் இரண்டையும் ஒன்றாக்கிப் பயமுறுத்துகிறார்.

இமை வீக்கமும் கால் இழுப்பும் பக்கவிளைவுகள். மருந்து வேலை செய்யவில்லை என்று அவற்றுக்குப் பொருள் இல்லை. மாத்திரையைச் சாப்பாட்டோடு, ஒரு பெரிய தம்ளர் தண்ணீருடன் விழுங்குங்கள். கால் இழுப்புக்குக் கால்சியம், மக்னீசியம் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். எடை திடீரென்று ஏறினாலோ மூச்சு வாங்கினாலோ அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். நீங்களாக அளவைக் குறைக்க வேண்டாம்.

அடுத்தது அந்த 0.3. நாங்கள் கண் வைத்திருக்கும் கோடு 0.1 சதவீதம்; அளவு அதற்குள் இருக்க வேண்டும். அதைத் தாண்டியதை அலட்சியப்படுத்த முடியாது. ஆனால் ஒரே ஒரு அறிக்கையை வைத்து மருந்து தோற்றுவிட்டது என்று தீர்ப்பு எழுதவும் கூடாது. இரண்டு முறையும் ஒரே ஆய்வகமா? வெவ்வேறு ஆய்வகங்களின் எண்களை ஒப்பிட உதவும் சர்வதேச அளவுகோலின்படி (IS) என்று அறிக்கையில் இருக்கிறதா? எண்ணைக் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு இந்த ஒரு வரியை விட்டுவிடும் ஆய்வகங்கள் எத்தனை! நோயாளி தூக்கம் கெட்டு அலைகிறார். நான்கு முதல் ஆறு வாரத்துக்குள் அதே ஆய்வகத்தில் மறுபடி பாருங்கள்.

அதற்கு முன், வீட்டில் இருக்கும் காலி அட்டைகளை எடுத்து எண்ணுங்கள். கால் வலித்த நாளில் மாத்திரையை விட்டீர்களா? மாதத்தில் மூன்று, நான்கு மாத்திரை தவறினாலே நோய் தலைதூக்கலாம். ஐந்து நிமிடத்தில் அடுத்த ஆளை அழைக்கும் மருத்துவமனைகளில் இதை யாரும் கேட்பதில்லை. கேட்காமலே விலை உயர்ந்த மருந்துக்குச் சீட்டு எழுதுகிறார்கள்.

மாத்திரை தவறவில்லை, மறுபடியும் அளவு ஏறியிருக்கிறது என்றால் மரபணுப் பிறழ்வுப் பரிசோதனை, அதாவது மருந்துக்கு அடங்காதபடி புற்றுநோய் அணுக்களின் மரபணு மாறியிருக்கிறதா என்று பார்க்கும் சோதனை, வேண்டும். இதை ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், டி315ஐ (T315I) என்றொரு பிறழ்வு உண்டு. அது வந்துவிட்டால் இமாட்டினிப் மட்டுமல்ல, அதற்குப் பின் வந்த டசாட்டினிப், நிலோட்டினிப், போசுட்டினிப் ஆகிய மருந்துகள் எதற்கும் நோய் அடங்காது. பொனாட்டினிப், அசிமினிப் போன்றவைதான் கைகொடுக்கும். பரிசோதிக்காமல் கையில் கிடைத்த "புது" மருந்தைத் தொடங்கினால் மாதக்கணக்கில் வீணாகும். அதற்குள் நோய் முற்றலாம். புது மருந்து என்றால் பக்கவிளைவு இல்லை என்றும் நினைக்காதீர்கள். டசாட்டினிப்பில் நுரையீரலைச் சுற்றி நீர் கோக்கலாம். நிலோட்டினிப் சர்க்கரையை ஏற்றும், ரத்தக்குழாயை அடைக்கலாம். எது உங்களுக்குப் பொருந்தும் என்பது உங்கள் இதயம், நுரையீரல், சர்க்கரையைப் பார்த்து முடிவாக வேண்டியது. தரகரின் கைவசம் எது இருக்கிறது என்பதைப் பார்த்து அல்ல.

அவர் கொண்டுவருவதில் உறை உண்டா, தயாரிப்புத் தொகுதி எண் உண்டா, ரசீது தருவாரா என்று கேளுங்கள். உதிரி மாத்திரையாக வந்தால் வாங்கவே வாங்காதீர்கள். உள்ளே இருப்பது என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம் என்று உங்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. மறுபரிசோதனை முடிவு கையில் வரும்வரை இமாட்டினிப்பை ஒரு நாளும் விடாமல் சாப்பிடுங்கள்.