போயிட்டு வரேன், இதில் எது பெரிய எழுத்து?

கேள்வி: கடித முடிவில் 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுலி' போடும்போது இரண்டு சொல்லுக்குமே பெரிய எழுத்தா? (தோட்டத்துக் கிராணி, சுங்கை சிப்புட்)

முதல் சொல்லுக்கு மட்டும். கடைசியில் ஒரு கமா. 'டியர் சார்' என்று தொடங்கினால்தான் ஃபெய்த்ஃபுலி. பெயர் போட்டுத் தொடங்கினால் சின்சியர்லி. இதை எத்தனை தடவை சொல்வது!

கேள்வி: மதர் பெரிய எழுத்தா? (பெயரில்லை)

எந்த வாக்கியத்தில்? கேள்வியை முழுசாக எழுதுங்கள் ஐயா. 'மை மதர்' என்றால் சின்ன எழுத்து. பெயர் சொல்ல வேண்டிய இடத்தில் 'மதர்' என்றே கூப்பிட்டால் பெரிய எழுத்து. அங்கிளுக்கும் இதே கணக்குதான்.

கேள்வி: 'குட்பை'யில் கடவுள் இருக்கிறாராமே, பிறகு ஏன் சின்ன எழுத்து?

இருந்தார். 'காட் பி வித் யீ', கடவுள் உங்களோடு இருக்கட்டும் என்ற வாழ்த்துதான் தேய்ந்து 'குட்பை' ஆனது. அது ஆகிவிட்டது நானூறு வருஷத்துக்கு மேல். 'குட் டே' போன்ற வாழ்த்துகளின் சாயலில் காட் குட்டாக மாறிவிட்டார். வாக்கியத்தின் தொடக்கத்தில் வந்தால் மட்டும் பெரிய எழுத்து.

கேள்வி: ஆங்கிலத்தில் 'தமிழ்' என்று எழுதும்போது சின்ன 'டி' போட்டால் மார்க் போகுமா? எல்லாரும் அப்படித்தானே எழுதுகிறார்கள்? (ஐந்தாம் படிவ மாணவி)

போகட்டும், போனால்தான் புத்தி வரும். மொழி, இனம், நாடு, கிழமை, மாதம் எல்லாவற்றுக்கும் பெரிய எழுத்து. மலாயிலும் 'பஹாசா தமிழ்' என்றால் 'டி' பெரிசுதான். நம் எழுத்தில் பெரிசு சின்னது கிடையாது, அதனால் தடுமாறுகிறோம் என்பார்கள். அப்படியானால் 'இங்கிலீஷ்' எழுதும்போது மட்டும் ஏன் தடுமாறுவதில்லை? ஒரு பள்ளியில் (பெயர் வேண்டாம்) முப்பது வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்த ஆசிரியைக்குப் பிரியாவிடை. மஞ்சள் பேனரில் 'இங்கிலீஷ்' தலை நிமிர்ந்து நிற்கிறது, பக்கத்திலேயே 'தமிழ்' சின்ன 'டி'யோடு குனிந்து கிடக்கிறது. ஸ்டூல் போட்டு ஏறி, மார்க்கரால் 'டி'யின் உச்சியில் ஒரு கோடு இழுத்தேன். பழைய கோடு இடுப்பில் அரைஞாண் மாதிரி தொங்கியது. சிரித்தார்கள். சிரிக்கட்டும். அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒரு தடவை படித்துப் பாருங்கள்.

அதே பேனரில் இன்னொரு கூத்து: மலாயில் பிரியாவிடையாக 'செலாமட் திங்கால்'. அது கிளம்புகிறவர் இருப்பவர்களிடம் சொல்வது. வழியனுப்புகிறவர்கள் சொல்ல வேண்டியது 'செலாமட் ஜாலான்'.

கேள்வி: 'சம்மர்' பெரிய எழுத்தா?

இல்லை. பால்மரத்துக்கும் செம்பனைக்கும் நடுவில் உங்களுக்கு எதற்குச் சம்மர்?

கேள்வி: கோலாலம்பூரிலிருந்து வந்த பேரன் சாவு வீட்டில் எல்லாரிடமும் 'பை, சீ யூ' சொல்லிவிட்டுக் கிளம்பினான். பாட்டி திட்டித் தீர்த்துவிட்டார். ஆங்கிலத்தில் சொன்னதா தப்பு?

எந்த மொழியில் சொன்னாலும் தப்பு. மற்ற வீடுகளில் 'போறேன்' என்பது ஆகாது, 'போயிட்டு வரேன்' என்கிறோம். சாவு வீட்டில் அதையும் சொல்லக்கூடாது. பேசாமல் எழுந்து வந்துவிட வேண்டும். 'சீ யூ' என்றால் மறுபடி பார்ப்போம் என்று அர்த்தம். பாட்டி திட்டாமல் என்ன செய்வார்?